சேர்க்கும்போது கேட்கவில்லை, பிரிந்து போகவாவது ஓட்டு வேண்டும்: நகராட்சிக்குள் போன மலை ஊர்கள்

மேல்ஹட்டி_விவசாயி:

எங்கள் ஊராட்சியைப் பக்கத்து நகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். எந்த ஊர், எந்த நகராட்சி என்று எழுதவில்லை. பேர் சொன்னால் பேச்சு ஆட்கள் மேலே போய்விடும். நீலகிரி மேல்மலைப் பக்கம், கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிற ஊர், அது போதும். 2024 டிசம்பர் கடைசியில் தமிழ்நாடு முழுக்க ஊராட்சிகளை நகரங்களோடு இணைக்கிற அறிவிப்பு வந்ததே, அதற்கப்புறம் எங்கள் முறையும் வந்தது.

சேர்த்த நேரத்தைப் பாருங்கள். இங்கே ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பிறகு தனி அலுவலர்தான். தலைவர் இல்லை, வார்டு மெம்பர் இல்லை, ஊருக்காக எழுந்து நின்று பேச ஒரு ஆள் இல்லாத சமயத்தில்தான் எல்லையை மாற்றினார்கள். கிராம சபையில் வேண்டாம் என்று தீர்மானம் போட்டோம், ஆட்சேபம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், அதையும் கொடுத்தோம், பதில் ஒன்றும் வரவில்லை. நகராட்சியில் எங்களுக்கு இன்னும் வார்டு பிரிக்கவில்லை, அதனால் கவுன்சிலரும் கிடையாது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் சொல்வது என்று ஊரில் யாருக்கும் தெரியாது.

ஆனால் வரி மட்டும் வழி கண்டுபிடித்து வந்துவிட்டது. அளவெடுக்க வந்தவர்கள் வீட்டை அளந்தார்கள், சரி. பக்கத்தில் கேரட் மூட்டை அடுக்கி வைக்கிற தகரக் கொட்டகையையும் டேப் பிடித்து அளந்து, அதை வணிகக் கட்டடம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். நாலு கம்பு, மேலே தகரம், மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி வரும்வரை மூட்டை நனையாமல் இருக்கப் போட்டது, அவ்வளவுதான். நகர்ப்புறச் சொத்து வரி வருடா வருடம் 6 சதவீதம் ஏறும் என்று வேறு விதி இருக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். இப்படிச் சேர்க்கப்பட்ட ஊர்களின் மக்கள், உள்ளேயே இருப்பதா வெளியே போவதா என்று ஒருமுறை ஓட்டுப் போட்டு முடிவு செய்ய வழி வேண்டும். இது நடக்காத காரியம் இல்லை. கனடாவில் மான்ட்ரியல் தீவில் இருந்த 28 நகராட்சிகளை 2002 ஜனவரியில் அரசாங்கம் கட்டாயமாக ஒரே மாநகராக்கியது. மறு வருடம் வந்த புது அரசு, பிரிய விரும்புகிறவர்கள் ஓட்டுப் போடலாம் என்று சட்டம் கொண்டுவந்து 2004 ஜூன் 20-ல் வாக்கெடுப்பு நடத்தியது. 15 ஊர்கள் பிரிந்து 2006-லிருந்து மறுபடி தனி நகராட்சிகளாக நடக்கின்றன. அங்கே முடிகிறது என்றால் இங்கே ஏன் முடியாது?

ஓய்வுபெற்ற_பொறியாளர்:

தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. தலைவர் இல்லாத காலத்தில் எல்லையை மாற்றியது தவறு, அதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. ஆனால் ஓட்டுப் போட்டுப் பிரிவது என்பதை நான் எதிர்க்கிறேன். முக்கியக் காரணம் தண்ணீர்.

என் வேலைக்காலம் பூராவும் குழாய்களோடுதான் போயிற்று. உதகைக்குப் பார்சன்ஸ் வேலி, குன்னூருக்கு ரேலியா அணை, அது போதாமல் எமரால்டிலிருந்து கூட்டுக் குடிநீர். இவ்வளவு மழை பெய்கிற மலையில் மார்ச் மாதம் ஏன் குடம் வரிசையில் நிற்கிறது? மழைத்தண்ணீர் சரிவில் நிற்பதில்லை, தேக்கி வைக்கப் பெரிய முதல் போட வேண்டும், ஒரு பள்ளத்திலிருந்து இன்னொரு மேட்டுக்கு ஏற்ற மோட்டாரும் கரண்டும் வேண்டும். ஊராட்சிக்கு ஒரு ஊற்று, ஒரு தொட்டி, தண்ணீர் திறந்து விட ஒரு ஆள், இதுதான் கணக்கு. ஊற்று வற்றினால் டேங்கர் எங்கிருந்து வந்தது என்று உங்கள் ஊர்ப் பெண்களைக் கேளுங்கள்.

நீங்கள் மான்ட்ரியல் சொன்னீர்கள், நான் லாஸ் ஏஞ்சல்ஸ் சொல்கிறேன். அந்த நகரத்துக்கு வடக்கே சான் பெர்னான்டோ பள்ளத்தாக்கு இருக்கிறது. 1913-ல் ஓவன்ஸ் ஆற்றுத் தண்ணீரைக் கால்வாயில் கொண்டுவந்தது மாநகராட்சி. அந்தத் தண்ணீர் வேண்டுமென்றுதான் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி 1915-ல் நகரத்தோடு சேர்ந்தது. பல பத்தாண்டு கழித்து, எங்கள் வரிப்பணம் எங்களுக்குத் திரும்பி வருவதில்லை என்று பிரியக் கேட்டார்கள். 2002 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. விதி என்ன தெரியுமா? பள்ளத்தாக்கிலும் பெரும்பான்மை வேண்டும், முழு நகரத்திலும் பெரும்பான்மை வேண்டும். பள்ளத்தாக்கில் மயிரிழையில் ஆம் வந்தது, நகரம் முழுக்க எண்ணியபோது மூன்றில் இரண்டு பங்கு பேர் வேண்டாம் என்றார்கள். அதோடு முடிந்தது. அந்த விதி சரியான விதி என்பது என் கருத்து. குழாயும் கடனும் எல்லோருடையது என்றால் பிரிவினையையும் எல்லோரும்தான் முடிவு செய்ய வேண்டும்.

மேல்ஹட்டி_விவசாயி:

ஐயா, சேர்க்கும்போது டவுன்காரர்களிடம் ஓட்டுக் கேட்டார்களா? எங்களிடம் கேட்டார்களா? உள்ளே வருவதற்கு யார் சம்மதமும் தேவைப்படவில்லை, வெளியே போக மட்டும் எல்லோர் சம்மதமும் வேண்டும் என்றால் அது திறக்காத கதவு. டவுனில் இருக்கிற ஆட்கள் எண்ணிக்கையில் எங்களைப் போலப் பல மடங்கு. எங்கள் ஊர் மொத்தமும் ஒரே பக்கம் ஓட்டுப் போட்டாலும் உங்கள் விதிப்படி தோற்போம், அப்படியொரு ஓட்டு எதற்கு?

தண்ணீரைச் சொன்னீர்கள். பெங்களூரைப் பாருங்கள். 2007-ல் 110 கிராமங்களை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். வரி, கட்டட அனுமதி எல்லாம் மாநகராட்சியிடம் போனது. அந்தக் கிராமங்களுக்கென்று போட்ட காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் திறந்தது 2024 அக்டோபரில். 17 வருடம்! அவ்வளவு காலமும் ஆழ்துளைக் கிணறும் டேங்கர் லாரியும்தான். சேர்ந்தால் தண்ணீர் வரும் என்பதை நான் எப்படி நம்புவது? இதில் இன்னொன்றும் இருக்கிறது, அந்த ஒரே பெரிய மாநகராட்சியை நடத்த முடியவில்லை என்று 2025-ல் அரசே அதை ஐந்தாகப் பிரித்துவிட்டது. அரசு பிரிக்கலாம், குடியிருக்கிறவன் கேட்கக் கூடாதா?

பச்சைத்தேயிலை:

நான் கோத்தகிரிப் பக்கம். அரை ஏக்கர் தேயிலை, பறிப்பதும் சுமப்பதும் நாங்களே. மேல்ஹட்டி அண்ணா வரியைப் பற்றி எழுதினார், எங்கள் வீட்டில் பேசுவது நூறு நாள் வேலையைப் பற்றி. அது ஊரக வேலைத் திட்டம். ஊர் நகராட்சிக்குள் போனால் அட்டை செல்லாது, அவ்வளவுதான். பச்சைத் தேயிலை விலை படுத்துக் கிடக்கிற மாதங்களில் அம்மா அந்த வேலைக்குப் போய்த்தான் மளிகைக் கடைக் கடனைக் கட்டுவார். தடுப்புச் சுவருக்குக் கல் எடுத்துக் கொடுப்பது, வாய்க்கால் தூர் எடுப்பது, வயசான பெண்களும் செய்யக்கூடிய வேலை. நகரத்துக்கும் அரசு ஒரு வேலைத் திட்டம் தொடங்கியது, எனக்குத் தெரியும், ஆனால் அது சில இடங்களில் மட்டும் இருக்கிற சின்னத் திட்டம், கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்கிற சட்ட உரிமை அதில் இல்லை.

ஊரில் தார் ரோடு வந்தது, ரிசார்ட் வந்தது, அதனால் நீங்கள் நகரம் என்கிறார்கள். அந்த ரிசார்ட் எங்களுடையதா? எங்கள் வீட்டில் யார் தொழிலும் மாறவில்லை, காலையில் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டுதான் போகிறோம். ஓட்டு வைத்தால் நான் முதல் ஆளாகப் போய் நிற்பேன்.

காலனி_பிள்ளை:

அண்ணா, அக்கா எல்லோரும் 'ஊர்', 'எங்கள் ஊர்' என்றே எழுதுகிறீர்கள். அந்த ஊரில் நாங்கள் இருக்கிறோமா?

எங்கள் தாத்தா 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர். முதலில் எஸ்டேட் லைன் வீடு, அப்புறம் ஊராட்சி எல்லையில் சரிவில் ஒரு காலனி. மேலே ஹட்டி, அதாவது படகர் ஊர், கீழே நாங்கள். ஊராட்சியாக இருந்த காலத்தில் தொட்டித் தண்ணீர் மேலே போய் முடிந்தபிறகுதான் கீழே வரும். மேல் வால்வை மூடினால்தான் எங்கள் குழாயில் காற்று நின்று தண்ணீர் விழும். மூடுகிறவர் சாப்பிடப் போய்விட்டால் அன்றைக்கு இல்லை. கிராம சபை என்று ஒன்று நடக்கும், ஆனால் அதற்கு முன்னாலேயே ஊர்க்கூட்டத்தில் முடிவு எடுத்திருப்பார்கள், அந்தக் கூட்டத்துக்கு எங்களை யாரும் கூப்பிட்டதில்லை. தலைவர் பதவி சுழற்சியில் எங்களுக்கு ஒதுக்கீடாக வந்தபோதும் கையெழுத்து எங்களுடையது, பேச்சு வேறு ஆட்களுடையது. யாரையும் புண்படுத்த இதை எழுதவில்லை. நடந்தது இது.

என் அக்கா கல்யாணம் ஆகி நகராட்சி எல்லைக்குள் ஒரு லைன் வீட்டில் இருக்கிறாள். அங்கே கவுன்சிலரிடம் போய் நின்றால் அவருக்கு எங்கள் ஓட்டு வேண்டும், ஏனென்றால் அந்த வார்டில் பாதி நம்ம ஆட்கள். ஊராட்சியில் நாங்கள் எப்போதுமே சின்னப் பகுதி. நீங்கள் கேட்கிற வாக்கெடுப்பில் ஹட்டி மொத்தமும் பிரிய வேண்டும் என்று போட்டால், நாங்கள் இருக்க வேண்டும் என்று போட்டாலும் உங்களோடுதான் வெளியே வர வேண்டும். சேர்க்கும்போது உங்களைக் கேட்கவில்லை என்று கோபப்படுகிறீர்களே, பிரியும்போது எங்களுக்கும் அதேதானே நடக்கும்?

வக்கீல்_பிங்கர்போஸ்ட்:

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் வைத்துவிடுகிறேன்.

அரசியலமைப்பின் 243-கியூ பிரிவுதான் நகராட்சி எது என்பதைச் சொல்கிறது. மக்கள்தொகை, நெருக்கம், உள்ளாட்சியின் வருமானம், விவசாயம் அல்லாத வேலையில் இருப்போரின் விகிதம், பொருளாதார முக்கியத்துவம், இவற்றைப் பார்த்து ஆளுநர் அறிவிக்கலாம். நடைமுறையில் அது மாநில அரசின் முடிவு. மக்களிடம் ஓட்டெடு என்று அதில் எங்கும் இல்லை. கோர்ட்டுக்குப் போனாலும் கஷ்டம். மகாராஷ்டிரத்தில் கல்யாண் மாநகராட்சி உருவான வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படி எல்லை வகுப்பது சட்டம் இயற்றுவதைப் போன்ற வேலை, சட்டத்தில் சொன்ன ஆட்சேப நடைமுறைக்கு மேல் போய் ஒவ்வொருவரையும் அழைத்துக் கேட்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது.

ஆனால் அதே கல்யாணில் அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். 1983-ல் மாநகராட்சிக்குள் போட்ட 27 கிராமங்கள் போராடிப் போராடி 2002-ல் வெளியே வந்தன. 2015-ல் அரசு மறுபடி உள்ளே போட்டது. 2020-ல் அதில் 18 கிராமங்களைத் தனி நகராட்சியாக்க மீண்டும் அறிவிப்பு, அந்த வருடமே பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே, மறுபடி உள்ளே. ஒருமுறைகூட அந்த மக்களிடம் முறையாக ஓட்டெடுக்கவில்லை. யார் ஆட்சி, யாருக்கு எந்தத் தொகுதி வேண்டும் என்பதைப் பொறுத்துப் பந்தாடினார்கள். வாக்கெடுப்பு வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஓட்டு இல்லாவிட்டால் எல்லை மாறாமல் இருக்கும் என்று நினைக்க வேண்டாம், மாறிக்கொண்டேதான் இருக்கும், மாற்றுகிற ஆள் வேறாக இருப்பார்.

இந்தியாவில் முன்மாதிரி இல்லை என்றும் சொல்ல முடியாது. கோவாவை மகாராஷ்டிரத்தோடு சேர்ப்பதா என்று 1967 ஜனவரி 16-ல் அங்குள்ளவர்களிடமே ஓட்டெடுத்தார்கள். தனியாக இருக்க 1,72,191 பேர், சேர 1,38,170 பேர். இன்று கோவா தனி மாநிலம். சின்ன அளவில் பார்த்தால் 2013-ல் உச்ச நீதிமன்றம் ஒடிசாவின் நியமகிரி மலைச் சுரங்க விஷயத்தைக் கிராம சபைகள் முன்னால் வைக்கச் சொன்னது, 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தில், அறிவிப்புக்கு முன் அந்தந்த ஊரில் வாக்கெடுத்து அதை அரசு கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஒரு பிரிவு சேர்க்கச் சட்டமன்றம் போதும் என்பது என் எண்ணம்.

ஓய்வுபெற்ற_பொறியாளர்:

வக்கீல் சார், கோவா ஒரு பிரதேசம், நியமகிரி ஒரு மலையின் மேல் உரிமை. அவற்றை ஒரு நகராட்சி வார்டோடு ஒப்பிடக் கூடாது. இங்கே கேள்வி சாக்கடை எங்கே போகும், குப்பை எங்கே போகும் என்பது.

மான்ட்ரியலைப் பற்றி மீதிக் கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். பிரிந்த 15 ஊர்களும் முழுசாகப் பிரியவில்லை. போலீஸ், தீயணைப்பு, தண்ணீர், பஸ் எல்லாம் தீவு முழுமைக்கும் பொதுவான ஒரு கவுன்சிலிடம் போனது. அதற்குப் பிரிந்த ஊர்கள் பணம் கட்ட வேண்டும், ஆனால் அந்தக் கவுன்சிலில் 85 சதவீதத்துக்கும் மேல் ஓட்டுப் பலம் மாநகருக்கே. ஆக, பணம் கட்டுகிறார்கள், முடிவு எடுப்பதில்லை. லாஸ் ஏஞ்சல்ஸிலும் பள்ளத்தாக்கு பிரிந்தால் பழைய நகரத்துக்கு நஷ்டம் வராமல் வருடா வருடம் ஒரு தொகை கட்ட வேண்டும் என்றுதான் நிபந்தனை போட்டார்கள். பிரிந்தால் வரி குறையும் என்று நினைத்து ஓட்டுப் போடுகிறவர்களிடம் இதை யார் சொல்வது?

இன்னொன்று. 2009 நவம்பர் மறந்துவிட்டதா? ஒரு சில நாள் மழையில் இந்த மாவட்டத்தில் நிலம் சரிந்து 40 பேருக்கு மேல் போனார்கள். மண்ணை வெட்டிச் சமன் செய்து, வடிகாலை மறித்து வீடு கட்டிய இடங்கள் எத்தனை என்று நேரில் பார்த்தவன் நான். கட்டட அனுமதியைப் பார்க்க இன்ஜினியரே இல்லாத ஊராட்சிக்கு அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறீர்களா?

கொடைமலை_வாசி:

பழனி மலையிலிருந்து எழுதுகிறேன், இங்கேயும் இதே பேச்சுதான் ஓடுகிறது.

பொறியாளர் ஐயா சொல்வதில் பாதி எங்கள் அனுபவம். கொடைக்கானல் நகராட்சி எல்லை முடிகிற இடத்திலிருந்து வில்பட்டிப் பக்கம் போய்ப் பாருங்கள், சரிவு பூராவும் விடுதி. நகராட்சியில் மாஸ்டர் பிளான் என்று கேள்வி கேட்பார்கள் என்று ஊராட்சிக்குள் போய்க் கட்டுகிறார்கள். ஊராட்சியில் ஒரு தலைவர், ஒரு செயலர், எதிரில் சமவெளியிலிருந்து காரில் வந்து இறங்குகிற ஆள், யார் ஜெயிப்பார்? ஆனால் நகராட்சி என்றால் ஒழுங்கு என்பதும் இல்லை, விதி மீறிய கட்டடங்களுக்கு உயர் நீதிமன்றம் சொல்லித்தான் கொடைக்கானல் நகராட்சிக்குள்ளேயே சீல் வைத்தார்கள். நகராட்சியால் தடுக்க முடிந்திருந்தால் கோர்ட் எதற்கு?

குப்பை விஷயத்தில் நான் மேல்ஹட்டிக்காரர் பக்கம். கொடைக்கானலுக்கு வருகிற கூட்டம் சாப்பிட்டுப் போடுவது எல்லாம் பிரகாசபுரத்தில் மலை போலக் குவிந்தது. டவுன் என்றால் ஏரியும் பூங்காவும், ஓரத்து ஊர் என்றால் குப்பை கொட்ட இடம், தண்ணீர் எடுக்க இடம். இணைப்பு என்று வரும்போது எனக்கு முதல் சந்தேகம் அதுதான், எங்களுக்கு வசதி கொடுக்கச் சேர்க்கிறார்களா, எங்கள் நிலம் வேண்டும் என்று சேர்க்கிறார்களா?

ஓட்டு வேண்டும் என்றே நானும் சொல்வேன். ஆனால் ஓட்டில் போகிற கேள்வி வரி கூடுமா குறையுமா என்று மட்டும் இருந்தால், அந்த ஓட்டை விலைக்கு வாங்க விடுதிக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். அவர்களுக்குத்தான் சின்ன ஊராட்சி வசதி.

மேல்ஹட்டி_விவசாயி:

விடுதிக்காரர்கள் பற்றிச் சொன்னது உண்மை, அதனால்தான் ஓட்டுரிமை அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும் என்கிறேன். சொத்து வைத்துக்கொண்டு சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர்களுக்குக் கிடையாது. கட்டட அனுமதிக்கு ஊராட்சி, நகராட்சி எதுவாக இருந்தாலும் நீலகிரி முழுக்க மலையிடப் பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன, ஊராட்சியானால் அவை காணாமல் போகாது ஐயா. இன்ஜினியர் வேண்டும் என்றால் ஒன்றியத்துக்கு இன்ஜினியர் போடுங்கள். இன்ஜினியர் இல்லாத குறைக்கு ஊரையே கலைப்பார்களா?

மான்ட்ரியலில் பணம் கட்டுகிறார்கள், உண்மைதான். அது தெரிந்தேதான் பெரும்பாலான ஊர்கள் பிரிந்தன. அங்கே இன்னொரு விதியும் இருந்தது, பதிவான ஓட்டில் பெரும்பான்மை மட்டும் போதாது, மொத்த வாக்காளர்களில் 35 சதவீதம் பேராவது பிரிவதற்கு ஓட்டுப் போட்டிருக்க வேண்டும். பெரும்பான்மை கிடைத்தும் அந்த 35-ஐத் தொடாமல் சில ஊர்கள் மாநகருக்குள்ளேயே நின்றுவிட்டன. அப்படியொரு தடை இருக்கட்டும், நான் ஏற்கிறேன். கோபத்தில் பத்துப் பேர் போய்ப் போடுகிற ஓட்டில் ஊர் பிரிய வேண்டாம்.

காலனித் தம்பிக்கு: ஊராட்சி மறுபடி வந்தால் உங்களுக்கென்று தனித் தொட்டி போடச் சொல்லி நானே முதல் தீர்மானம் கொண்டுவருகிறேன்.

காலனி_பிள்ளை:

தொட்டி கொடுக்கிறேன் என்று நீங்கள் சொல்கிறீர்கள் பாருங்கள் அண்ணா, அங்கேதான் பிரச்சினை. உங்கள் நல்ல மனசு மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நீங்கள் கொடுத்து நாங்கள் வாங்குகிற ஏற்பாடு எனக்கு வேண்டாம்.

ஓட்டு நடந்தே தீரும் என்றால் வாக்குச்சாவடி வாரியாக எண்ணுங்கள். எங்கள் காலனிச் சாவடி நகராட்சியில் இருக்கிறோம் என்றால் நாங்கள் மட்டும் இருக்க வழி வேண்டும். மான்ட்ரியலில் ஊர் ஊராகத்தானே எண்ணினார்கள், மொத்தத் தீவையும் ஒன்றாக எண்ணவில்லையே?

ஓய்வுபெற்ற_பொறியாளர்:

தெரு தெருவாக எல்லை போட்டால் குழாயை எப்படிப் போடுவது தம்பி? மேலே ஊராட்சி, கீழே நகராட்சி, நடுவில் போகிற வடிகால் அடைத்தால் யார் எடுப்பார்கள்? உங்கள் வேதனை புரிகிறது, ஆனால் நீங்கள் கேட்பது வாக்கெடுப்பு என்கிற யோசனையே இந்த மலையில் எங்கே போய் முடியும் என்பதைக் காட்டுகிறது. முதலில் ஊர், அப்புறம் காலனி, அப்புறம் ஒரு வீதி.

பச்சைத்தேயிலை:

ஐயா, குழாய்க்கு எல்லை கஷ்டம் என்பதற்காக ஆட்களுக்கு வாய் இல்லாமல் செய்ய முடியுமா? காலனித் தம்பி கேட்பது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. பக்கத்துப் பக்கத்து ஊராட்சிகள் ஒரே தண்ணீர்த் திட்டத்தில் இருக்கவில்லையா, கூட்டுக் குடிநீர் என்று நீங்கள்தானே எழுதினீர்கள். தண்ணீருக்குக் கூட்டு இருக்கட்டும், நிர்வாகத்துக்கு அவரவர் முடிவு இருக்கட்டும்.

எனக்கு இன்னொரு பயம். கிராம சபை வருடத்தில் ஆறு நாள் நடக்கும், குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1. எங்கள் ஊரில் பெண்கள் வாய் திறந்து பேசக் கற்றுக்கொண்டதே அதில்தான். ஊராட்சி போனால் கிராம சபையும் போகும். நகராட்சியில் ஏரியா சபை என்று இருக்கிறதாம், எங்கள் பக்கத்து டவுனில் அது எப்போது கூடியது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

வக்கீல்_பிங்கர்போஸ்ட்:

பேச்சு நல்ல இடத்துக்கு வந்திருக்கிறது, மனுவாக எழுதினால் என்ன? நான் வரைவு போட்டுத் தருகிறேன். ஒன்று, இனி எந்த இணைப்பும் தேர்ந்தெடுத்த உள்ளாட்சி இல்லாத காலத்தில் நடக்கக் கூடாது. ஏற்கெனவே இணைத்த ஊர்களில், நகராட்சித் தேர்தல் ஒன்று முடிந்து புது வார்டுகளுக்குக் கவுன்சிலர் வந்து இரண்டு வருடம் கழித்து வாக்கெடுப்பு. அதற்குள் நகராட்சி என்ன செய்கிறது என்று மக்களும் பார்த்திருப்பார்கள், நகராட்சிக்கும் செய்து காட்ட ஒரு வாய்ப்பு. 35 சதவீத விதி இருக்கும். ஓட்டுக்கு முன்னால் வரவு செலவு, பிரிந்தால் கட்ட வேண்டிய கடன், தண்ணீருக்கு என்ன ஏற்பாடு, நூறு நாள் வேலை திரும்பக் கிடைக்குமா, எல்லாவற்றையும் தமிழில் அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற_பொறியாளர்:

கணக்கை அச்சடித்துக் கொடுப்பது என்ற இடத்தில் கையெழுத்துப் போடத் தயார். வாக்கெடுப்பு என்ற வரி இருக்கும்வரை மனுவில் போட மாட்டேன். அதற்குப் பதில் இணைத்த ஊர்களில் முதல் ஐந்து வருடம் சொத்து வரியைப் பழைய வீட்டு வரி அளவிலேயே நிறுத்தி வை, வசூலாவதை அந்த ஊருக்கே செலவழி என்று கேளுங்கள். நாளைக்கே கிடைக்கக்கூடியது அது. வாக்கெடுப்புக்காகக் காத்திருந்தால் அந்தத் தகரக் கொட்டகைக்கு வணிக வரி கட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

மேல்ஹட்டி_விவசாயி:

வரியை நிறுத்தி வைப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம் ஐயா, கொட்டகை விஷயம் நாளைக்கே தீர்ந்தால் நல்லதுதான். ஆனால் அதை வாக்கெடுப்புக்குப் பதிலாகக் கொடுத்தால் வேண்டாம். வரியைக் குறைத்தால் சும்மா இருப்பார்கள் என்று எங்களைப் பற்றி முடிவு செய்வதும் அதே பழக்கம்தான். எங்கள் ஊரைப் பற்றி எங்களைக் கேள் என்பதுதான் மனு.

வக்கீல் சார், வரைவை அனுப்புங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் உதகை பிங்கர்போஸ்ட்டில் இருக்கிற கூடுதல் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கலாம். ஹட்டியில் நான் கையெழுத்து வாங்குகிறேன்.

காலனி_பிள்ளை:

வரைவில் சாவடி வாரியாக எண்ணுவது வரவில்லை. அது எழுத்தில் இருந்தால் தாளை எங்கள் காலனிக்குக் கொண்டுவாருங்கள், வீடு வீடாக நானே கூட வருகிறேன். இல்லாவிட்டால் அதே திங்கட்கிழமை அதே வரிசையில் எங்கள் மனுவும் தனியாக நிற்கும்.